நீல ஓட்டையில் செருகாதீங்க

நாமக்கல்லில் மவுஸ் நின்றால் லாரி நிற்கும். 2018 ஏப்ரல் 1 முதல், மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்கின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் ஈ-வே பில் இல்லாமல் வண்டி கிளம்பக்கூடாது. சரக்குக்காரர் போட்டு அனுப்பிய பில்லில் ‘பார்ட் பி’ என்ற பகுதியைத் திறந்து வண்டி நம்பரை ஏற்றுவது பெரும்பாலும் லாரி புக்கிங் ஆபீசின் தலையில் விழும் வேலை. அதற்கு முன்னால் அந்த ஆபீசுகளில் மவுசை யாரும் பெரிதாக மதித்ததில்லை. டேலியில் கணக்கு எழுதும் பழைய கணக்குப்பிள்ளைகள் எஃப்5, எஃப்8 என்று கீபோர்டிலேயே பறப்பார்கள். மவுஸ் ஓரமாகத் தூசி படிந்து கிடக்கும். அரசாங்க இணையதளத்தில் அந்தப் பருப்பு வேகாது. கட்டத்தைத் தேடிப் போய்ச் சொடுக்கியாக வேண்டும். ராத்திரி பத்து மணிக்குத் தார்ப்பாய் கட்டி முடித்து டிரைவர் வண்டியை ஸ்டார்ட் பண்ணி நிற்பார். உள்ளே அம்புக்குறி அசையாது. அப்போது எனக்குப் போன் வரும்.

“ஏனுங்க தம்பி, மவுசு கனெக்டே ஆவ மாட்டீங்குது. புதுசுங்க, போன வாரந்தான் வாங்குனது.”

கம்ப்யூட்டர் சர்வீசில் இது மிகச் சின்ன வேலை. போர்டு மாற்றுவது, டேட்டா மீட்பது போன்ற வேலைகளுக்கு இருக்கும் கெத்து இதற்குக் கிடையாது. ஆனால் என் கடைக்கு வரும் அழைப்புகளில் இதுதான் அதிகம். எனக்கு ஆர்வம் குறையாத வேலையும் இதுதான். ஏனென்றால் மவுஸ் உண்மையிலேயே செத்துப்போயிருப்பது அபூர்வம். அது நல்ல மவுசாகத்தான் இருக்கும். இருக்கும் இடம்தான் சரியிருக்காது.

நான் தொழில் பழகியது குமாரபாளையம், பள்ளிபாளையம் பக்கம். தறிக்கொட்டகையை ஒட்டிய சின்ன ஆபீசுகள், உருண்டை போட்ட மவுஸ்கள். அந்த ரப்பர் உருண்டையை எடுத்துவிட்டுப் பார்த்தால் உள்ளே இருக்கும் சின்ன உருளைகளில் பஞ்சுத்தூசி கயிறு மாதிரி சுற்றியிருக்கும். நகத்தால் சுரண்டி எடுப்பதே பாதி சர்வீஸ். 1968-இல் டக்ளஸ் ஏங்கல்பார்ட் சான்பிரான்சிஸ்கோவில் மேடையேற்றிக் காட்டிய மவுசுக்கு உருண்டைகூடக் கிடையாது. அடியில் இரண்டு சக்கரங்கள்தான். அந்தச் சக்கரத்தைப் பள்ளிபாளையத்தில் ஓட்டியிருந்தால் ஒரு வாரம் தாங்கியிருக்காது. வெளிச்சத்தில் வேலை செய்யும் மவுஸ் வந்த பிறகு எங்கள் நகங்களுக்கு ஓய்வு. பிறகு வயரும் போயிற்று. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைக் குறைந்த சக்தியில் லைசென்ஸ் இல்லாமல் யாரும் பயன்படுத்தலாம் என்று இந்திய அரசு விதி கொண்டுவந்தது 2005-இல். வைஃபையில் ஒரு பகுதி, புளூடூத், பெரும்பாலான வயர்லெஸ் மவுஸ் எல்லாம் இன்றைக்கும் அந்த ஒரே பட்டையில்தான் இடித்துக்கொண்டு ஓடுகின்றன.

போனில் முதலில் நான் பேட்டரி செல்லைப் பற்றிக் கேட்பதில்லை. “வலதுபக்கப் பட்டனை அமுக்குங்க. ஸ்கிரீன்ல பெட்டி மாதிரி ஏதாச்சும் திறக்குதா?” திறந்தால் கதை வேறு. மவுஸ் இணைந்துதான் இருக்கிறது, நகர்வதுதான் தெரியவில்லை. ‘கனெக்ட் ஆகலை’ என்று வருகிறவற்றில் கணிசமானவை இந்த வகை. இதற்கு யுஎஸ்பி ஓட்டையில் செருகும் குட்டி ரிசீவரான டாங்கிளைப் பிடுங்குவதும் கம்ப்யூட்டரை அணைத்துப் போடுவதும் வீண்.

மவுசின் அடியில் இருப்பது ஒரு குட்டிக் கேமரா. தரையை நொடிக்கு ஆயிரக்கணக்கில் படமெடுத்து, முந்தைய படத்தோடு ஒப்பிட்டு எந்தப் பக்கம் எவ்வளவு நகர்ந்தோம் என்று கணக்குப் போடும். தரையில் சொரசொரப்போ புள்ளியோ ஏதாவது இருந்தால்தான் ஒப்பிட முடியும். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு வியாபாரிகளின் மேசையைப் பாருங்கள். மேலே கனத்த கண்ணாடி, அதற்கடியில் முருகன், மாரியம்மன், மகள் கல்யாணப் பத்திரிகை, நாலு விசிட்டிங் கார்டு. கண்ணாடியின் மேற்பரப்பில் கேமராவுக்குப் பிடிக்க ஒன்றுமில்லை. அடியில் இருக்கும் சாமி படம் அதன் குவியத்துக்கு அப்பால். அம்புக்குறி ஒன்று நிற்கும், இல்லையென்றால் தானாகத் துள்ளும். ஒரு தினத்தாளை மடித்துப் போட்டால் சரி. இதற்காகப் புது மவுஸ் வாங்கி வந்து, அதுவும் ஓடாமல், “கம்பெனியே சரியில்லைங்க” என்று திட்டியவர்கள் உண்டு.

ஆத்தூர் ரோட்டுச் சேகோ மில்களில் வேறு மாதிரி. குச்சிக்கிழங்கு அரைக்கிற இடத்தில் மாவு காற்றிலேயே இருக்கிறது. ஆபீஸ் அறைக்கு ஏசி போட்டுக் கதவைச் சாத்தினாலும் ஆட்கள் சட்டையோடு கொண்டுவந்துவிடுவார்கள். மவுசின் அடிக்கண்ணில் மாவு அப்பினால் அதற்கு உலகமே வெள்ளை. வாயால் ஊதினால் எச்சில் ஈரத்தில் மாவு பசையாகிவிடும், அதைச் சொன்னால் யாரும் கேட்பதில்லை. காய்ந்த பெயின்ட் பிரஷ் போதும்.

வலதுபக்கப் பட்டனுக்கும் பதில் இல்லை என்றால் அடுத்தது செல்.

“செல்லு மாத்திப் பாத்தீங்களாண்ணா?”

“மாத்தியாச்சு தம்பி. சுவத்துக் கடியாரத்துல இருந்ததைக் கழட்டிப் போட்டேன். கடியாரம் நல்லாத்தான் ஓடிட்டிருந்துச்சு.”

இந்தப் பதில் எனக்கு மனப்பாடம். கடிகாரம் நொடிக்கு ஒரு துளி கரண்ட் உறிஞ்சும். கிட்டத்தட்டக் காலியான செல்லிலும் மாதக்கணக்கில் ஓடும். மவுஸ் அப்படியில்லை. ரேடியோவும் விளக்கும் கேமராவும் ஒரே நேரத்தில் கேட்கும்போது பழைய செல்லின் வோல்ட் சரேலென்று இறங்கிவிடும். மீட்டரில் சும்மா வைத்துப் பார்த்தால் 1.3 காட்டுகிற செல்லும் மவுசுக்குள் போனதும் படுத்துவிடும். அதனால் மீட்டரில் அளந்துவிட்டு ‘செல் நல்லா இருக்கு’ என்று சொல்கிற சர்வீஸ்காரரை நான் முழுக்க நம்பமாட்டேன். கடையில் பிரிக்காத கவரிலிருந்து ஒரு அல்கலைன் செல்லை எடுத்துப் போட்டுப் பார்ப்பதுதான் சோதனை. சார்ஜ் ஏற்றும் செல் 1.2 வோல்ட்தான், பெரும்பாலான மவுசில் ஓடும், சில விலை குறைந்த மவுஸ்கள் முரண்டு பிடிக்கும்.

புது மவுஸ் என்றால் செல் முனையில் ஒரு பிளாஸ்டிக் நாடா செருகியிருக்கும். பயணத்தில் செல் தீராமலிருக்கக் கம்பெனியே வைப்பது. அதை உருவாமல் நாள் முழுக்கப் போராடியவர்களைப் பார்த்திருக்கிறேன். பழைய மவுஸ் என்றால் செல் கசிந்திருக்கும். சேலத்துச் சித்திரை வெயிலில் பூட்டிய ஆபீசுக்குள் கிடந்தால் கசிவு சீக்கிரம் வரும். ஸ்பிரிங்கில் வெள்ளையாகப் பூத்திருப்பது அல்கலைன் செல்லின் காரம். அதைத் தண்ணீர் விட்டுக் கழுவக்கூடாது. காது குடையும் பஞ்சுக்குச்சியில் ஒரு சொட்டு வினிகர் தொட்டுத் துடைத்தால் காரம் முறியும். பிறகு ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவிட வேண்டும். வினிகர் இல்லையென்றால் எலுமிச்சைச் சாறு. ஸ்பிரிங் அரித்துப்போயிருந்தால் பழைய ரிமோட்டிலிருந்து ஒன்றைக் கழற்றிப் பற்றவைப்பேன்.

அடியில் சிவப்பு விளக்கு எரியவில்லை என்பதை வைத்து மவுசுக்குச் சாவு சொல்லிவிடுகிறார்கள். பல மவுஸ்களில் இருப்பது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு விளக்கு. போனின் செல்ஃபி கேமராவைத் திருப்பி அந்தக் கண்ணைப் பார்த்தால் பல போன்களில் மங்கலான ஊதா வெளிச்சம் தெரியும். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் போர் போடச் சத்தீஸ்கர் வரைக்கும் போகின்றன. அங்கே ஒரு காட்டோரத்திலிருந்து ரிக் மேனேஜர் ஒருவர் லேப்டாப்பைக் கேபினில் வைத்துக்கொண்டு கூப்பிட்டார். கடையும் இல்லை, மாற்று மவுசும் இல்லை. போன் கேமராவில் பார்க்கச் சொன்னேன், வெளிச்சம் இல்லை. மவுசைத் திருப்பிச் சுவிட்ச் இருக்கிறதா என்று கேட்டேன். “சுவிட்சா? அதுல ஏதுங்க சுவிட்சு?” என்றார். சுவிட்ச் இருந்தது. போரிலிருந்து பீச்சிய கல்மாவுச் சேறு அதன்மேல் பூசிக் காய்ந்து, மவுசின் நிறத்திலேயே ஆகியிருந்தது.

செல் நல்ல செல், சுவிட்ச் போட்டிருக்கிறது, அப்புறமும் வரவில்லை என்றால் நான் நேரில் போவேன். போனால் முதலில் மவுசைத் தொடமாட்டேன். டாங்கிள் எங்கே இருக்கிறது என்று தேடுவேன். நகக்கண் அளவே இருக்கும் அந்த ரிசீவரைத் தேடி மேசைக்கடியில் மண்டியிடுவதுதான் இந்தத் தொழிலின் நிரந்தர ஆசனம். எங்கள் பக்கத்து ஆபீஸ் மேசைகள் பாதிக்கு மேல் இரும்பு. சிபியு கீழே, சுவரோரம், அதன் முதுகில் டாங்கிள். மவுசுக்கும் டாங்கிளுக்கும் நடுவில் மேசைத் தகடு, சிபியு தகடு, சில இடங்களில் பணப்பெட்டியும். பத்து மீட்டர் எட்டும் என்று பெட்டியில் போட்டிருப்பது நடுவில் ஒன்றுமில்லாத இடத்துக்கு. இரும்புக்கு அந்தப் பக்கம் அரை மீட்டரே தூரம்தான்.

எனக்கு மறக்காத கேஸ் ஒரு முட்டை ஆபீஸ். மோகனூர் ரோட்டுப் பக்கம். மவுஸ் காலையில் நன்றாக ஓடும், மதியம் ஓடும், சாயங்காலம் ஆறு, ஆறரைக்கு மேல் இழுக்கும், பிறகு ஒரேயடியாக நின்றுவிடும். மறுநாள் காலையில் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும். மவுசை மாற்றியிருந்தார்கள், கம்பெனியையும் மாற்றியிருந்தார்கள். ஒருவர் யூடியூப் பார்த்து எங்கிருந்தோ ‘மவுஸ் டிரைவர்’ இறக்கிப் போட்டதில் பிரவுசர் முழுக்க விளம்பரம் வந்து சேர்ந்ததுதான் மிச்சம். பக்கத்துக் கட்டடத்து செல்போன் டவர்மேல் பழி போட்டு, அது சாயங்காலத்தில் அதிகமாக ‘இழுக்கிறது’ என்று ஒரு கொள்கையும் உருவாகியிருந்தது. டவருக்கு எதற்குச் சாயங்காலம் என்று கேட்டதற்கு, ஜனங்கள் வேலை முடிந்து போன் பேசுகிற நேரம் அது என்றார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

எனக்கு அந்த ‘ஆறரை’தான் பிடிபடவில்லை. அதனால் சாயங்காலம் போய் உட்கார்ந்தேன். டீ வந்தது. மறுநாளைக்கான முட்டை விலை போனில் வந்து இறங்கியது. விலை வந்ததும் ஆபீசே பரபரப்பாகி லோடு பில்கள் ஓடின. மவுஸ் அப்போதும் நன்றாகத்தான் ஓடியது. பில்கள் முடிந்ததும் கணக்குப்பிள்ளை மேசை டிராயரிலிருந்து கறுப்பாக ஒரு ஹார்டு டிஸ்கை எடுத்து, டாங்கிளுக்குப் பக்கத்து ஓட்டையில் செருகினார். அன்றைய கணக்கைப் பிரதி எடுத்து வைப்பது அவர் வழக்கம், ரொம்ப நல்ல வழக்கம். அம்புக்குறி இழுக்க ஆரம்பித்தது. நான் டீயைக் கீழே வைத்தேன்.

டாங்கிள் இருந்ததும் ஹார்டு டிஸ்க் செருகியதும் நீல நிற ஓட்டைகள். யுஎஸ்பி 3.0 போர்ட்டுகளைப் பெரும்பாலும் நீலத்தில் போடுவார்கள். அதில் தகவல் நொடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் ஓடும்போது ரேடியோ இரைச்சல் கசிகிறது. அந்த இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையிலேயே வந்து விழுகிறது. இன்டெல் கம்பெனி 2012-இல் இதைப் பற்றி ஓர் ஆய்வறிக்கையே வெளியிட்டது. அதில் வயர்லெஸ் மவுசை வைத்தே சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். தறி ஓடும் கொட்டகைக்குள் நின்றுகொண்டு வாசலில் இருப்பவர் பேச்சைக் கேட்கிற நிலைமை டாங்கிளுக்கு. மவுஸ் சத்தமாகத்தான் பேசுகிறது, டாங்கிளின் காதில் விழவில்லை.

டாங்கிளை முன்பக்கம் இருந்த கறுப்பு ஓட்டைக்கு, அதாவது யுஎஸ்பி 2.0 போர்ட்டுக்கு மாற்றினேன். பாதி சரியானது. கையோடு கொண்டுபோயிருந்த எக்ஸ்டென்ஷன் கேபிளில் டாங்கிளைச் செருகி மேசைமேல் மானிட்டர் அடியில் வைத்ததும் முழுக்கச் சரியானது. பிரதி எடுத்துக்கொண்டிருக்கும்போதே மவுஸ் வழுக்கிக்கொண்டு ஓடியது. முதலாளி வந்து பார்த்துவிட்டு, “ஏம்ப்பா, வயர் வேண்டாம்னுதானே இந்த மவுச வாங்குனோம், மறுபடியும் வயரா?” என்றார். நியாயமான கேள்விதான். அந்தக் கேபிளுக்குப் பதிலாக வேறு எதையும் என்னால் சிபாரிசு செய்ய முடியவில்லை. டவர் கொள்கைக்காரர் மட்டும் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

இன்னொரு சீசன் வேலை ஆயுத பூஜை. ராசிபுரம் பக்கம் பள்ளிக்கூட லேப்களில் பூஜைக்கு முதல் நாள் பிள்ளைகளை விட்டு எல்லாவற்றையும் துடைக்கச் சொல்வார்கள். டாங்கிள்களையெல்லாம் கழற்றி ஒரு சாக்பீஸ் டப்பாவில் போட்டுவிடுவார்கள், தொலையக்கூடாதென்று. மவுசுக்குச் சந்தனம், குங்குமம். சில பக்தியான கைகள் அடிக்கண்ணிலும் ஒரு பொட்டு வைத்துவிடும். விஜயதசமி முடிந்து லேப் திறந்தால் ஒரு மவுசும் கனெக்ட் ஆகாது. ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே கறுப்பு நிறம். எந்த டாங்கிள் எந்த மவுசுக்கு என்று யாருக்கும் தெரியாது. விலை குறைந்த மவுஸ்கள் தொழிற்சாலையிலேயே தத்தம் டாங்கிளோடு ஜோடி சேர்க்கப்பட்டவை. பக்கத்து மவுசின் டாங்கிள் அதற்கு அந்நியம்.

ஒரு கம்ப்யூட்டரில் ஒரு டாங்கிளைச் செருகிவிட்டு, எல்லா மவுசையும் ஆன் பண்ணி, வரிசையாக நிற்கும் பிள்ளைகள் ஒவ்வொருவராக அசைக்க வேண்டும். அம்புக்குறி நகர்ந்தால் “எம்மவுசு!” என்று ஒரு கூச்சல். ஜோடி கண்டுபிடித்ததும் இரண்டிலும் நெயில் பாலிஷால் ஒரே நிறத்தில் பொட்டு. டீச்சர்களிடம் நிறத்துக்குப் பஞ்சமில்லை. லாஜிடெக் 2009-இல் கொண்டுவந்த ‘யூனிஃபையிங்’ ரிசீவர் மாதிரி சிலவற்றில் மென்பொருள் வழியாக மறுபடி ஜோடி சேர்க்கலாம். ஒரே ரிசீவரில் ஆறு சாதனம் வரை இணையும். ரிசீவர்மேல் ஆரஞ்சு நிறத்தில் சின்னக் குறி இருக்கிறதா என்று முதலில் பார்ப்பேன். மற்ற மலிவு வகைகளில் டாங்கிள் தொலைந்தால் மவுசைத் தூக்கிப் போட வேண்டியதுதான். “அது மட்டும் தனியா கிடைக்குங்களா?” என்று தினமும் யாராவது கேட்கிறார்கள். கிடைத்தாலும் சேராது. மவுசின் செல் மூடிக்குள் டாங்கிளை வைக்க ஒரு குழி இருக்கும். புது மவுசில் டாங்கிள் காணோம் என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகுமுன் அதைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

இத்தனையும் பார்த்த பிறகுதான் விண்டோசுக்குள் போவேன். பல தம்பிகள் அங்கேதான் ஆரம்பிக்கிறார்கள். மவுசுக்குத் தனி டிரைவர் பெரும்பாலும் தேவையே இல்லை, விண்டோசிலேயே இருக்கிறது. உள்ளே நிஜமாகச் சிக்கல் செய்வது இரண்டு. விண்டோஸ் 8-இலிருந்து ‘ஷட்டவுன்’ கொடுத்தால் பல கம்ப்யூட்டர்கள் முழுசாக அணைவதில்லை, பாதியை நினைவில் வைத்துத் தூங்கி எழும். காலையில் யுஎஸ்பி கோளாறும் சேர்ந்து எழும். ‘ரீஸ்டார்ட்’ கொடுத்தால்தான் புதிதாக ஆரம்பிக்கும். இரண்டாவது, கரண்ட் மிச்சம் பிடிக்க விண்டோஸ் யுஎஸ்பி போர்ட்டைத் தூங்கவைப்பது. டிவைஸ் மேனேஜரில் யுஎஸ்பி ரூட் ஹப்பின் பவர் பகுதியில் அந்த டிக்கை எடுத்துவிட வேண்டும். மவுஸ் இல்லாமல் அங்கே எப்படிப் போவது? விண்டோஸ் பட்டனோடு எக்ஸ், பிறகு எம். அப்புறம் டேப், அம்புப் பட்டன்கள். இடப்பக்க ஆல்ட், இடப்பக்க ஷிப்ட், நம்-லாக் மூன்றையும் சேர்த்து அமுக்கி என்டர் தட்டினால் நம்பர் பட்டன்களாலேயே அம்புக்குறியை நகர்த்தலாம். அந்த லாரி ஆபீஸ் அண்ணனுக்குப் போனிலேயே இதைச் சொல்லிக்கொடுத்து வண்டி நம்பரை ஏற்ற வைத்திருக்கிறேன். டேலி பழகிய கைகளுக்கு இது ஐந்து நிமிஷப் பாடம்.

புளூடூத் மவுசில் டாங்கிளே கிடையாது, அதைத் தேடி அட்டைப்பெட்டியைக் கிழிக்க வேண்டாம். அடியில் 1, 2, 3 என்று எண் இருந்தால் எந்த எண்ணில் சேர்த்தோமோ அதில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, எண் பட்டனை விளக்கு வேகமாக மினுக்கும்வரை அழுத்திப் பிடித்தால் போதும். கம்ப்யூட்டரில் புளூடூத் இல்லையென்றால் எத்தனை நேரம் பிடித்தாலும் கை வலிக்கும், அவ்வளவுதான்.

பணம் எண்ணுகிற, பில் போடுகிற மேசைக்கு நான் வயர் மவுசைத்தான் சிபாரிசு செய்வேன். அப்படிச் சொன்னால் பழைய ஆள் என்கிறார்கள். சரி, வயர்லெஸ்தான் வேண்டுமென்றால் டிராயரில் வயர் மவுஸ் ஒன்று கிடக்கட்டும். கீபோர்டு விஷயத்தில் எனக்கு இன்னும் பிடிவாதம். 2016-இல் பாஸ்டில் என்ற அமெரிக்க நிறுவனம், பல கம்பெனிகளின் வயர்லெஸ் ரிசீவர்களுக்குள் வெளியாள் தூரத்திலிருந்தே எழுத்துகளைத் திணிக்க முடியும் என்று செய்து காட்டியது. அதன் பிறகு சில கம்பெனிகள் திருத்தம் வெளியிட்டன. பாங்க் பாஸ்வேர்டு தட்டுகிற இடத்தில் பழைய வயர்லெஸ் கீபோர்டைப் பார்த்தால் நான் கழற்றிவிடச் சொல்கிறேன்.

இப்போது புதிதாக வரும் மெல்லிய லேப்டாப்களில் பழைய மாதிரி ஓட்டையே சிலவற்றில் இல்லை, டைப்-சி மட்டும். அதற்கு ஒரு ஹப் வாங்கி, டாங்கிள், ஹார்டு டிஸ்க், மானிட்டர் வயர் எல்லாவற்றையும் விரல் அகல இடைவெளியில் செருகிவிடுகிறார்கள். முட்டை ஆபீசில் சாயங்காலம் மட்டும் வந்த கோளாறு இவர்களுக்கு நாள் பூராவும். ஹப்பில் எந்த ஓட்டை கறுப்பு என்று முதலில் பார்ப்பேன். ஒன்றும் இல்லையென்றால் அதே எக்ஸ்டென்ஷன் கேபிள். சேலம் ஐந்து ரோட்டுப் பக்கம் மொத்தமாக வாங்கிவந்து பையில் போட்டு வைத்திருக்கிறேன். கேபிளுக்கு மட்டும் காசு வாங்குவேன். சர்வீஸ் சார்ஜ் கேட்டால், “ஓட்டை மாத்தி வெச்சதுக்கா?” என்பார்கள், டீ சொல்லிவிடுவார்கள்.